பட்டம் வாங்கிய பிள்ளைகளே, இரண்டு சனிக்கிழமை கொடுங்கள்

பட்டமளிப்புக் காலம் வந்துவிட்டது. நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் யார் முகநூலைத் திறந்தாலும் கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, பக்கத்தில் பட்டுப் புடவையில் அம்மா, கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கும் அப்பா. எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று தோட்டப் பெயரோடு உங்கள் பெயரைப் படிக்கும்போது மனசு நிறைந்துபோகிறது. உழைத்து வாங்கியிருக்கிறீர்கள். நன்றாகக் கொண்டாடுங்கள். படம் போடுங்கள். கோயிலுக்குப் போய் அர்ச்சனை வையுங்கள்.

கொஞ்ச நாளில் உங்களை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு, "சமுதாயத்துக்குச் சேவை செய்யுங்கள்" என்பார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் என்ன சேவை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாருக்கு என்று தெரியாவிட்டால் அது மேடையோடு போய்விடும். அதனால் நேராகவே கேட்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை, இரண்டு வருஷத்துக்குக் கொடுங்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். பணம் வேண்டாம்.

உங்களைக் கேட்கக் காரணம் இருக்கிறது. அந்தப் பாதையில் நீங்கள் இப்போதுதான் நடந்து வந்திருக்கிறீர்கள். அரசாங்க உயர்கல்விக்கூடங்களுக்கு இணையத்தில் போடும் பொது விண்ணப்பமான யூ.பி.யூ. பாரத்தில் எங்கே தடுக்கும், இடம் கிடைத்த கடிதம் வந்த பிறகு எதை முதலில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைக்குள் இருக்கிறது. பத்து வருஷம் கழித்துக் கேட்டால் உங்களுக்கே மறந்திருக்கும், முறையும் மாறியிருக்கும்.

முதலில் யாரைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன். 9ஏ, 10ஏ எடுத்த பிள்ளைக்கு ஊரே பேனர் கட்டுகிறது. கட்டத்தான் வேண்டும். 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பு) இடம் உண்டு என்று 2024ல் அரசாங்கமே அறிவித்தது. அந்தப் பிள்ளைக்கு வழிசொல்லப் பத்துப் பேர் வருவார்கள். என் கவலையெல்லாம் நான்கு பாடத்தில் மட்டும் கிரெடிட், அதாவது சி அல்லது அதற்கு மேல், எடுத்த பையனைப் பற்றித்தான். முடிவுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துப் போய்விடுகிறான். மறுவாரம் ஏதோ ஒரு கடையில் வேலை. "எனக்குப் படிப்பு வராதுண்ணே" என்று அவனே சொல்லப் பழகிவிடுகிறான்.

அவனுக்கு வழி இல்லையா? மூன்று கிரெடிட் இருந்தாலே டிப்ளோமா படிப்புகள் இருக்கின்றன. எந்தப் பாடத்தில் கிரெடிட் வேண்டும் என்பதுதான் துறைக்குத் துறை மாறும். தொழில்நுட்பம் என்றால் கணிதத்தைக் கேட்பார்கள். நாட்டின் முதல் போலிடெக்னிக் உங்கு ஓமார், 1969ல் தொடங்கியது, இதோ ஈப்போவில் இருக்கிறது. கைத்தொழிலில் ஆர்வம் உள்ளவனுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. முதல் மூன்று நிலை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. வெல்டிங்கில் இரண்டாம் நிலையோடு நின்றுவிட்டவனுக்கும் நான்காம் நிலை முடித்தவனுக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைப் பையனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பல பேர் முதல் சான்றிதழ் கையில் வந்ததும் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பான ஆறாம் படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதன்மேல் ஒரு பயம் இருக்கிறது, "கஷ்டம், நேரம் விரயம்" என்று. ஒன்றரை வருஷம், மூன்று தவணை, தவணைக்குத் தவணை தேர்வு. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுதலாம். அரசாங்கப் பள்ளி என்பதால் செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம். தனியார் கல்லூரி முகவர் வீட்டுக்கு வந்து மடிக்கணினி இலவசம் என்று சொல்லும்போது அப்பா கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தப் படிப்புக்கு முழு அங்கீகாரம் இருக்கிறதா, மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் அந்த அப்பாவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

மலாய்மொழியோ வரலாறோ போய்விட்டால் மற்ற பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடமானது 2013லிருந்து. அப்படி விழுந்த பிள்ளையைத் திரும்ப எழுத வைப்பதுதான் முதல் வேலை, விண்ணப்பம் எல்லாம் பிறகு. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற நம் பிள்ளைகளில் பலருக்கு வரலாறு தெரியாமல் இல்லை. கேட்டால் வாயால் சொல்வார்கள். இரண்டாம் தாளில் காரணத்தையும் விளைவையும் மலாயில் முழு வாக்கியமாக எழுதும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. நான்காம், ஐந்தாம் படிவம் இரண்டிலும் பத்துப் பத்து அத்தியாயம். வாரம் ஒன்று என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விக்கு விடை எழுத வைத்து, வினைச்சொல்லைத் திருத்திக் கொடுத்தால் ஐந்து மாதத்தில் முடியும்.

இனி பாரம். யூ.பி.யூ.வில் நம் பிள்ளைகள் இடம் இழப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, சின்னச் சின்ன விஷயங்களால். பள்ளி கொடுத்த மின்னஞ்சலைப் போட்டு வைக்கிறார்கள், பள்ளியை விட்டதும் அது முடங்கிவிடுகிறது. ப்ரீபெய்ட் எண்ணைக் கொடுக்கிறார்கள், காசு போடாமல் எண் செத்துப்போகிறது, நேர்முகத் தேர்வுக்கு அழைத்த செய்தி யாருக்கும் போய்ச் சேரவில்லை. விண்ணப்பத்தை ஒரு முறை போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு திரும்ப உள்ளே போய்த் தெரிவுகளைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தெரிவு வரிசையிலும் தவறு நடக்கிறது. எட்டாத படிப்புகளையே மேலிருந்து கீழ் வரை அடுக்கினால் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. மேலே இரண்டு மூன்று ஆசைக்கு, நடுவில் தகுதிக்குச் சரியாகப் பொருந்துவது, கீழே நிச்சயம் கிடைக்கக்கூடியது என்று வைக்கச் சொல்லுங்கள். தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. சாரணர், திடல்தடம், பேச்சுப்போட்டி எல்லாம் பள்ளிப் பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஐந்தாம் படிவத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கொஞ்ச நாள்தான் தருவார்கள், வீட்டில் அழுது முடிப்பதற்குள் அது கடந்துவிடும்.

செம்பனைக் காட்டில் குத்தகைக்குக் குலை வெட்டும் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. உதவிநிதி பாரத்தில் அந்த இடம் காலியாகவே போகும், விண்ணப்பமும் நிற்கும். பெங்ஹூலுவிடமோ (வட்டாரத் தலைவர்) கிராமத் தலைவரிடமோ வருமான உறுதிக் கடிதம் வாங்க ஒரு வாரம் முன்பே அனுப்பி வைக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு நெஞ்சு வலிப்பது பத்திரம் இல்லாத பிள்ளைகளை நினைத்துத்தான். மைகார்ட் என்னும் அடையாள அட்டை 12 வயதில் எடுக்க வேண்டியது. எடுக்காமல் விட்டது 17 வயதில், தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போது தெரியவருகிறது. தோண்டிப் பார்த்தால் பெற்றோரின் திருமணம் கோயிலில் நடந்திருக்கும், தாலி ஏறியிருக்கும், ஊர் சாப்பிட்டிருக்கும், பதிவு மட்டும் இருக்காது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். தாய்க்குக் குடியுரிமை இல்லாமல், பதிவுக்கு முன்பே குழந்தை பிறந்திருந்தால், அப்பா குடிமக்களுக்கான நீல ஐ.சி. வைத்திருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. இதற்கு உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும், வயது ஏற ஏற வழியும் குறுகும். 18 நிரம்புவதற்கு நல்ல காலம் முன்பே கோப்பு உள்ளே போயிருக்க வேண்டும். அதனால் உங்கள் மேசைக்கு ஐந்தாம் படிவப் பிள்ளை வந்தால், தம்பி தங்கை எத்தனை பேர், எல்லாருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைத் தனியாக, மெதுவாகக் கேளுங்கள், நாலு பேர் இருக்கும் இடத்தில் வேண்டாம். வெட்கத்தினால்தான் இத்தனை வருஷம் மூடி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சொந்தப் பொறுப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும் பரவாயில்லை. உயர்கல்விக்கு அரசாங்க நிதியகம் தரும் பி.டி.பி.டி.என். கடன். படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துக் கட்டத் தொடங்க வேண்டும். 26,000 வெள்ளி, வருஷத்துக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம், 15 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 166 வெள்ளி. வேலை கிடைக்கவில்லை என்றால் ஒளிந்துகொள்ளாதீர்கள், தள்ளிவைக்கவும் மறுசீரமைக்கவும் விண்ணப்பிக்கலாம். முதல்நிலைத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது, ஆனால் அதற்கும் நீங்களாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. நீங்கள் கட்டும் பணத்திலிருந்தும் அடுத்து வருகிற தோட்டத்துப் பிள்ளைக்குக் கடன் போகிறது. நான்கு கிரெடிட் பையனிடம் "கடன் வாங்கிப் படி" என்று சொல்கிறவர், தன் கடனைக் கட்டிக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும்.

சேவை என்றால் நம் மண்ணில் எப்படி நடந்தது என்று மூன்று விஷயம் நினைவுபடுத்துகிறேன். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவானபோது, அங்கே தமிழுக்கு நூலகம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. கொடுத்தவர்களில் பால்மரம் வெட்டியவர்களும் இருந்தார்கள், அந்த நூலகத்துக்குள் தாங்கள் போகப் போவதில்லை என்று தெரிந்தவர்கள். பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்க, ஜனங்கள் வீடும் வேலையும் இழந்து நின்றார்கள். நம்ம ஊர்க்காரரான, ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். 1982ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், உங்கள் வயதுப் பிள்ளைகள். மூன்றிலும் ஒவ்வொருவரும் கொடுத்தது கொஞ்சம்தான், தவறாமல் கொடுத்தார்கள்.

மேசையை எப்படிப் போடுவது என்பதற்கு வருகிறேன். மூன்று பேராவது வேண்டும். ஒருவரே தலையில் போட்டுக்கொண்டால் அவருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்த அன்று எல்லாம் நின்றுவிடும். கோயில் மண்டபமோ பொது மண்டபமோ போதும், ஒரு மடிக்கணினி, கைப்பேசி இணையம், மின்சார நீட்டிப்பு வயர். சங்கக் கொடி வேண்டாம், கட்சிக் கொடி கண்டிப்பாக வேண்டாம். காசு வாங்காதீர்கள், ஒரு வெள்ளிகூட. வாங்கினால் மறுநாளே பேச்சு வரும், மறுமாதம் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

விசைப்பலகை பிள்ளையின் கையில் இருக்கட்டும். நீங்கள் தட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனால் அடுத்த முறையும் அந்தப் பிள்ளை உங்களையே தேடும். நீங்கள் கணக்கியல் படித்தீர்கள் என்பதற்காக வருகிறவர்களை எல்லாம் கணக்கியலுக்குத் தள்ளாதீர்கள், நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு இது. ஐ.சி. படத்தை வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடக்கூடாது. கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளவே கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 40 பக்க நோட்டு ஒன்று கொடுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையே தன் கையால் மின்னஞ்சல், கடவுச்சொல், விண்ணப்ப எண், அடுத்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய தேதி எல்லாவற்றையும் எழுதட்டும். தேதியைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள், நோட்டை அம்மாவிடம் கொடுத்து ஐ.சி.யும் பிறப்புப் பத்திரமும் வைக்கும் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

வருகிற முடிவு நாளன்று பள்ளி வாசலில் இரண்டு பேர் நின்றால் போதும். பேனர் பக்கம் படம் எடுக்கக் கூட்டம் இருக்கும். நீங்கள் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போங்கள், தாளை மடித்துப் பையில் வைக்கிற பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "தம்பி, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு வா, அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லுங்கள்.