கண்ணுக்கு ஒரு திரை, கைக்கு ஒரு திரை

கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை எடைபோட வந்தால் நம்மில் பலரும் முதலில் பார்ப்பது பிராசசரின் வேகத்தையும் திரையின் பிக்சல் கணக்கையும்தான். அந்தக் கணக்கில் நிண்டெண்டோ டிஎஸ் தேறவே தேறாது. 2004-இல் வந்தபோது, புத்தகம்போல் மடியும் அந்தக் கருவியில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு திரைகளும் தலா 256-க்கு 192 பிக்சல். முதன்மை பிராசசர் 67 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் வெறும் 4 எம்பி. அதே ஆண்டு இறுதியில் ஜப்பானில் வெளியான சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி இந்த எண்களையெல்லாம் அநாயாசமாகத் தாண்டியது. ஆனாலும் 15 கோடிக்கு மேல் விற்றது டிஎஸ்தான்.

அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். நான் தொட்டு விளையாடும் கீழ்த்திரையைச் சொல்வேன். நெகிழக்கூடிய மேற்படலம், அடியில் கண்ணாடி, இரண்டிலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு, நடுவே நூலிழை இடைவெளி. அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளியின் மின்னழுத்தத்தை வைத்து இடம் தெரிந்துவிடும். நகமானாலும் பிளாஸ்டிக் குச்சியானாலும் அதற்கு ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் தொட்டால் குழம்பிவிடும் என்பது உண்மை. ஆனால் ஸ்டைலஸ் எனும் அந்தக் குச்சிப் பேனாவின் கூர்முனை எழுதும் நுணுக்கத்தை விரல்நுனியால் ஒருநாளும் தர முடியாது. கை என்ன செய்தாலும் மேல்திரை மறைவதுமில்லை.

இன்னொரு குறையே வரமாக மாறியதைப் பலர் கவனிப்பதில்லை. டிஎஸ்ஸில் முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் பகுதி ஒரு நேரத்தில் ஒரு திரைக்குத்தான் படம் வரையும். இரண்டு திரைக்கும் வேண்டுமென்றால் மாறி மாறி வரைய வேண்டும். நொடிக்கு 60 படங்கள் 30 ஆகக் குறைந்துவிடும். அதனால் பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு திரையில் களமும் மற்றதில் வரைபடமோ பொருட்பட்டியலோ என்று வேலை பிரிந்தது. இந்தப் பிரிவினைதான் இரட்டைத் திரையின் உயிர்.

'செல்டா: ஃபான்டம் ஹவர்கிளாஸ்' விளையாட்டில் ஓரிடம். மேல்திரையில் ஒரு முத்திரை, கீழ்த்திரையில் கடல் வரைபடம். முத்திரையை வரைபடத்தில் அழுத்து என்கிறது விளையாட்டு. எந்தப் பட்டனும் உதவாது. கருவியையே மூடித் திறக்க வேண்டும்; முத்திரை வரைபடத்தில் பதிந்திருக்கும்! கீலையும் விளையாட்டின் பகுதியாக்கிய அந்த யோசனையை இன்றுவரை வியக்கிறேன்.

டிஎஸ்ஸின் வாரிசாக 2011-இல் வந்த 3டிஎஸ், தனிக் கண்ணாடி அணியாமலே தெரியும் முப்பரிமாணத்தை மேல்திரையில் சேர்த்தது. அதுவும் தொடுதலைக் கீழ்த்திரைக்கு மட்டுமே கொடுத்தது. சரியான முடிவு.

இப்போது ஆண்ட்ராய்டில் இயங்கும் இரட்டைத் திரைக் கருவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் விளம்பரங்களில் மீண்டும் அதே பிக்சல், அதே வெளிச்சம், அதே பிராசசர். கீழே பொருத்துவதோ கைபேசியில் இருக்கும் அதே விரல் திரை. 3டிஎஸ்ஸின் இணையக் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. பழைய கருவி கையில் இல்லாத அடுத்த தலைமுறை, இந்த விளையாட்டுகளை எமுலேட்டர் (பழைய கருவியைப்போல் இயங்கும் மென்பொருள்) வழியாகத்தான் பெரும்பாலும் அறியப்போகிறது. அவர்களுக்காகவாவது கருவி செய்பவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: கீழ்த்திரையில் கூர்முனைப் பேனாவைத் துல்லியமாக உணரும் அடுக்கு ஒன்றை வையுங்கள், மூடி மூடப்பட்டதை விளையாட்டுக்குத் தெரிவிக்கும் சென்சாரையும் வையுங்கள். திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.