மணலுக்குள் புதைத்த நெருப்பு

டிசம்பர் விடுமுறை வந்தால் போதும், என்3 நெடுஞ்சாலையில் ஜிபி (கௌடெங் மாகாணம்) நம்பர் பிளேட் வண்டிகள் தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரமான எங்கள் டர்பனை நோக்கி வரிசைகட்டுகின்றன. வரட்டும், அவர்களை நம்பி இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதற்காக ஊரையே வாடகைக்கு எடுத்த மாதிரி நடந்துகொள்வதா?

எல்லாவற்றிலும் மோசம் பிராய் கரி, அதாவது வெளியில் தணல் மூட்டி இறைச்சி சுடும் கரி. அனுமதி இல்லாத இடத்திலும் மணலில் இறைச்சி சுட்டுவிட்டு, கிளம்பும்போது தணலை மணலால் மூடிவிட்டுப் போகிறார்கள். அது அணையாது. மணல் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்; மணிக்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். மேலே புகைகூடத் தெரியாது. செருப்பில்லாமல் ஓடிவரும் குழந்தையின் உள்ளங்கால் ஒரே மிதியில் கொப்பளித்துவிடும். கடல் கண்ணெதிரே இருக்கிறது! ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஒரு வாளி. கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

கடலில் குளிக்கும் இடத்தைக் காட்ட நட்ட கொடிகளுக்கு நடுவே குளிக்கச் சொன்னால் உயிர்காப்பாளரிடமே சண்டை. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிறதே, பல நேரம் அங்கேதான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். சுறா வலை அதைத் தடுக்காது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தித்தான் வெளியே வர வேண்டும். சொல்பவரை முறைக்கிறார்கள். அவர்களை இழுத்துவர அதே ஆள்தான் தண்ணீரில் குதிக்க வேண்டும்.

பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது) கடையிலும் வரிசை கிடையாது. ‘குவார்ட்டர்’ என்றால் கால் ரொட்டி. கேட்டதைக் கொடுத்தால், இவ்வளவுதானா என்று கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் எகிறுகிறார்கள்.