கத்திச் சண்டைக்கு வராத சந்தேகம்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது விநாடி வீடியோ ஏழெட்டுப் பேர் வழியாக எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. சிரிக்கும் பொம்மை போட்டு அனுப்பியவர்களும் அதில் உண்டு. அதில் என் முகம் தெரியவில்லை, பின்னலும் மைக் பிடித்த கையும்தான் தெரிகிறது என்பது ஒரு ஆறுதல்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி மட்டும்: பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்க எழுந்த என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துப் பேச்சாளர் கேலி செய்தார். பார்த்தவர்களுக்கு அந்த 'மூன்று விசில்' வசனம் மறந்திருக்காது. நான் கையில் வைத்திருந்த மாதிரி சரித்திரக் காதல் கதைகளைக் குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் படித்து மூடிவிடலாமாம். அரங்கமே சிரித்தது. ஐயா, அது சாண்டில்யனின் கடல் புறா, தலையணை தடிமனில் மூன்று பாகம். அதைப் படித்து முடித்துவிட்டு வந்து பார்த்தால் பருப்பு மட்டுமில்லை, குக்கரே வெந்து போயிருக்கும்.

நான் கேட்க எழுந்த கேள்வி வீடியோவில் இல்லை. அதற்குள் 'நேரமாயிடுச்சு மேடம்' என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இங்கே யாரும் வாங்க முடியாது என்பதால் கேட்டுவிடுகிறேன்.

சரித்திர நாவலில் ஒருவன் ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு பேரை வெட்டிச் சாய்க்கிறான். மதில் மேலிருந்து நேராகக் குதிரை முதுகில் குதிக்கிறான். தோளில் அம்பு தைத்த அன்றைக்கு ராத்திரியே அகழியை நீந்திக் கடக்கிறான். இதற்கெல்லாம் கல்வெட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அதே ஆள் நந்தவனத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தால் மட்டும் 'இதெல்லாம் வரலாறா?' என்கிறீர்கள். கத்திச் சண்டைக்கு வராத சந்தேகம் காதலுக்கு மட்டும் ஏன் வருகிறது?

அவ்வளவுதான் கேள்வி. பதில் இல்லாததால்தான் மைக்கை வாங்கினார்களோ என்னவோ.

எல்லோருக்கும் தெரிந்த பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. 2022-இல் படம் வந்தபோது, 'நானெல்லாம் அரைக்கால் சட்டை வயசிலேயே ஐந்து பாகமும் முடித்தவன்' என்று மார்தட்டாத ஆண்பிள்ளை என் நட்பு வட்டத்தில் ஒருவர்கூட இல்லை. அதில் வரும் சுரங்கப் பாதைக்கும் சுழற்காற்றில் சிக்கிய கப்பலுக்கும் வந்தியத்தேவன் போட்ட அத்தனை சண்டைக்கும் கல்வெட்டு உண்டா? கிடையாது. ஆனால் குந்தவை அவன் மனைவி என்பதற்கு உண்டு. 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று தஞ்சைப் பெரிய கோயிலில் அக்காவைப் பற்றித் தம்பி ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறார். அந்த ஜோடி விஷயத்தில் கல்லில் எழுதி வைத்த சங்கதி கல்யாணம்தான். சண்டைதான் கல்கியின் கற்பனை.

'கல்யாணம் நடந்தால் காதல் நடந்ததாக அர்த்தமா?' என்று ஒருவர் கிளம்புவார். சரி, இல்லைதான். நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆதித்த கரிகாலன் கொலைக்கும் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ரவிதாசன் பெயர் அதில் இருக்கிறது, நந்தினி இல்லை. அதற்காக யாராவது நந்தினியை வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்களா? படத்தில் அவள் வந்தபோது முகநூல் முழுக்கப் படம் போட்டுக் கொண்டாடியது யார்?

இன்னொன்று. அன்றைக்கு அந்தப் பேச்சாளர் பேசிய தலைப்பே கலிங்கத்துப்பரணி. ஐம்பது நிமிடம் அருமையாகப் பேசினார், அதில் பொய் சொல்லக் கூடாது. பேய்கள் பசியில் புலம்புவதையும் பிணங்களில் கூழ் சமைப்பதையும் அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அடித்து நொறுக்கியதைச் சொன்னபோது நானும் கை தட்டினேன். அதே கருணாகரன்தான் ஐயா, நான் மடியில் வைத்திருந்த கடல் புறாவின் நாயகன்! செயங்கொண்டார் பாடினால் இலக்கியம், சாண்டில்யன் எழுதினால் மூன்று விசிலா?

அந்தப் பரணியில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக என்ன இருக்கிறது? கடை திறப்பு. ஊடலில் கதவைச் சாத்திக்கொண்ட பெண்களிடம் கதவைத் திறக்கச் சொல்லிக் கொஞ்சிக் கெஞ்சும் பாட்டுகள். வயது வந்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க முடியாத பாட்டுகளும் அதில் உண்டு. அதைத் தாண்டித்தான் காடு, காளி, பேய், போர் எல்லாம். காதலும் மாயமும் சரித்திரமும் ஒரே பானையில். நம் பேச்சாளர் கடை திறப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் கதவு தெரியாதவர் மாதிரி கொல்லைப்புறமாக நுழைந்து நேரே போர்க்களத்துக்குப் போய்விட்டார்.

இது அவர் ஒருவருடைய பழக்கம் மட்டுமில்லை. சங்கப் பாட்டு 2381-இல் 1862 அகம் என்று கணக்குச் சொல்வார்கள். மேடையில் கேட்பதெல்லாம் என்னவோ புறநானூறுதான். சீவக சிந்தாமணியில் சீவகனின் அம்மா விசயை மயிற்பொறியில், அதாவது மயில் வடிவ எந்திரத்தில், ஏறிப் பறக்கிறாள். சீவகன் எட்டுப் பேரைக் கட்டிக்கொள்கிறான், அதனாலேயே அதற்கு மணநூல் என்று ஒரு பெயர். எழுதியவர் சமணத் துறவி. துறவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அன்றைக்கே யாரோ கேட்டார்களாம், பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்து அவர் தன் தூய்மையை நிரூபித்தாராம். செவிவழிக் கதைதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. ஆன்லைனில் தொடர்கதை எழுதும் என் தோழி ஒருத்தி முதலிரவுக் காட்சி ஒன்றை எழுதிவிட்டு, 'அனுபவமா மேடம்?' என்ற கமெண்டை வாரக்கணக்கில் அழித்துக்கொண்டிருந்தாள். நூறு பேர் சாகிற போரை எழுதிய ஆளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஏன்? கத்திச் சண்டைக்குச் சந்தேகம் வராதே!

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா எட்டாவதோடு நின்றவர். வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, கோணி ஊசியால் துளை போட்டு, சணலில் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிவிடுவார். பின்பக்கத்தில் பாதி துணுக்கு, பாதி பல்பொடி விளம்பரம். இளவரசி மயங்கி விழும் இடத்தில் ஒரு டாக்டர் ஜோக் இருக்கும். மத்தியானம் எதிர்வீட்டு அக்காவும் இன்னும் மூன்று பேரும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள், அம்மா வாசிப்பார். கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். மூன்று விசில் ஆட்கள்!

அந்தத் தொகுப்பு ஒன்றில் நடுவே நான்கு தாள் மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாள், அம்மாவின் கையெழுத்து. அந்த வாரம் மழை வெள்ளத்தில் பத்திரிகைக் கட்டு ஊருக்கே வரவில்லையாம். மாயவரத்துச் சித்தி கடிதத்தில் கதையைச் சுருக்கமாக எழுதி அனுப்ப, அம்மா அதை விரித்து எழுதி அந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். வெகு காலம் கழித்து நான் அச்சுப் புத்தகம் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சில், நாயகன் விடியற்காலையில் போருக்குக் கிளம்புகிறான், அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு நிற்கிறாள், பேச்சே இல்லை. அம்மாவின் தாளில் அவள் பேசுகிறாள். 'வருவேன் வருவேன் என்கிறீர்கள், என்றைக்கு என்று ஒரு நாளைச் சொல்லிவிட்டுப் போங்கள்' என்கிறாள். அப்பா அப்போது ரயில்வேயில், இடார்சியில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், சந்தேகம்.

இதற்குள் கமெண்டில் வரப்போகிறவர்கள் தெரிகிறார்கள். 'அந்தக் கதைகளில் பெண்ணை வர்ணிப்பது கேவலமாக இருக்கிறதே, ஒரு பெண்ணாக நீங்கள் எப்படி?' என்று. இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஒன்றரைப் பக்கத்துக்கு வர்ணனை ஓடும், நாயகி நின்ற இடத்திலேயே நிற்பாள், எதிரியும் பாவம் உருவிய வாளோடு கதவுக்கு வெளியே பொறுமையாகக் காத்திருப்பான். எனக்கு அலுக்கும், பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஒரு நாயகனுக்கு இரண்டு நாயகி என்பதும் பிடிக்காது. கடல் புறாவில் காஞ்சனா தேவி ஒரு பக்கம் இருக்கட்டும், மஞ்சளழகிக்காகப் பதினாறு வயதில் அழுதிருக்கிறேன். ஆனால் ஒன்று, அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் முனை மடித்து வைத்துவிட்டு நூலகத்தில் திருப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள் இல்லை.

'வரலாற்றைத் திரிக்கிறார்கள்' என்பதில் எனக்கும் கோபம் உண்டு, உங்களை விட அதிகமாகவே. இப்போது செயலிகளில் வரும் மாயக் கதைகள் நிறைய படிக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் லிஃப்டில் ஏறும் பெண் பல்லவர் காலத்துக் காஞ்சியில் இறங்குவாள். இறங்கட்டும், அதற்குத்தானே கதை. அவள் பேசும் தமிழ் காவல்காரனுக்கு எப்படிப் புரிகிறது என்றுகூட நான் கேட்க மாட்டேன். சோழ அரண்மனையில் மிளகாய் பஜ்ஜி போட்டால்தான் கேட்பேன். ராஜராஜன் காலத்துக்கும் மிளகாய் இங்கே வந்ததற்கும் நடுவே ஐந்நூறு வருடம் இருக்கிறது. தக்காளியும் அப்படித்தான். மிளகு போட்டு எழுதினால் கதை கெட்டா போய்விடும்? மாயம் வரலாம், மிளகாய் வரக் கூடாது என்பது என் கட்சி. எழுதிய பெண்ணிடம் சொன்னேன், மறுநாளே திருத்திவிட்டு, 'நன்றிக்கா' என்று போட்டிருந்தாள். மேடையில் நின்று மூன்று விசில் என்று சொல்லவில்லை நான். படித்துவிட்டுச் சொன்னேன். அவர் படித்திருந்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

தரம் இல்லை என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. எல்லா வகையிலும் பத்துக்கு எட்டு சுமார்தான்.

'ஆன்ட்டி ஹீரோ' கதைகள் எனக்கும் ஆகாது. அறைந்துவிட்டு அப்புறம் நெற்றியில் முத்தம் கொடுக்கிறவனை நாயகன் என்று எழுதும்போது போனைக் கீழே வைத்துவிடுகிறேன். எழுதுகிறவர்களிடம் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். அது எங்களுக்குள் நடக்கிற சண்டை. அதை எடுத்துக்கொண்டு வந்து, 'பார்த்தீர்களா, இதைப் படித்துத்தான் பெண்கள் கெட்டுப்போகிறார்கள்' என்று நீங்கள் கிளம்ப வேண்டாம்.

ஏனென்றால் கடைசியில் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பீர்கள். 'இதையெல்லாம் படித்தால் பொம்பளைகளுக்கு இல்லாத எதிர்பார்ப்பு வந்துவிடும்.' எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடம். என் வீட்டுக்காரர் குதிரை ஏறியதில்லை, டிவிஎஸ் 50-தான். அதிலும் மேட்டில் ஏறும்போது என்னை இறங்கி நடக்கச் சொல்வார். நான் ஒரு நாளும் அவரிடம் அரேபியப் புரவி கேட்டதில்லை. கம்பு சுற்றத் தெரியுமா என்று கேட்டதில்லை. நான் கேட்டதெல்லாம், ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு வந்து பத்துப் பக்கம் படிக்கிற வரைக்கும் லைட்டை அணைக்காதீர்கள் என்பதுதான். சண்டைப் படம் பார்த்து நாடு முழுக்க எந்த ஆணாவது அகழியில் குதித்துவிட்டானா? அவன் மட்டும் கதை எது நிஜம் எது என்று தெரிந்தவன், எங்களுக்குத் தெரியாதா?

வேறு புத்தகம் படித்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் பட்டியலில் முக்கால்வாசி படித்தாயிற்று. அந்தப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருந்தால் 'சொல்லுங்கள் மேடம்' என்றிருப்பார். தெரியும். அதுதான் வலிக்கிறது. சொன்ன ஆளை எனக்கு முன்பின் தெரியாது, அவர் நாளைக்கு வேறு ஊரில் வேறு விசில் அடிப்பார். சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். என் வீட்டில் காபி குடித்தவர்கள். பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் எதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

முதல் பாகத்தை நான் அன்றைக்கு எடுத்துப் போனதே பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுக்கத்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எனக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாசலில் காத்திருந்து வாங்கிப் போனாள். இன்று சாயங்காலம் முடித்துவிட்டு வந்து நிற்கிறாள். 'இரண்டாவதும் மூன்றாவதும் சேர்த்தே கொடுத்துடுங்க அத்தை, நடுவுல காத்திருக்க முடியாது' என்கிறாள். இரண்டாவதைக் கொடுத்தேன். அலமாரியில் மூன்றாவது இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் 'சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்' என்று ஒருவர் வாங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டுதான். வீடியோவில் முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது. பெயரைப் போட மாட்டேன் சார், பயப்படாதீர்கள். படித்து முடித்திருந்தால் நாளைக்கு யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். முடிக்கவில்லை என்றால் எந்த அத்தியாயத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள், அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்கிறேன்.