அந்த 21 நாள் கணக்கு சரியல்ல

"21 நாள் விடாமல் செய்தால் தலைவருக்குரிய துணிச்சல் பழக்கமாகிவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த எண் பழக்கங்களைப் பற்றிய ஆய்விலிருந்து வந்ததே இல்லை. 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழக 'குறைந்தது' 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். அந்தக் 'குறைந்தது' பிறகு உதிர்ந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்துக் கணக்கிட்டதில், ஒரு செயல் பழக்கமாவதற்குப் பொதுவாக 66 நாள் அளவில் வந்தது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. அதுவும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது மாதிரி அன்றாட வேலைகளுக்கு! கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "இது என் தவறு" என்று சொல்லப் போகும்போது தொண்டை அடைக்குமே, அது 22ஆம் நாள் தானாகப் போய்விடாது.

சரி, ஒரு நாள் தவறிவிட்டால்? அதே ஆய்வில் அது பெரிதாகப் பாதிக்கவில்லை. முதலிலிருந்து எண்ண வேண்டாம், மறுநாள் தொடருங்கள்.