7.5% ஒதுக்கீடு டாக்டர் படிப்புக்கு மட்டும்தானா?

"அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5% இட ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும்தான். இன்ஜினியரிங் போனால் ஃபீஸ் முழுவதும் நாம்தான் கட்டணும்." பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றும் செய்தி இது. தவறான செய்தி.

மருத்துவத்துக்கு 2020-ல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் 2021-லேயே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் அப்படித்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் நேரடியாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் இது பொருந்தாது. கலந்தாய்வுக்கு முன்பே அட்வான்ஸ் கட்டச் சொல்லும் ஏஜென்டுகளிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

தகுதி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) கிடைத்த இலவச இடத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் வரலாம். அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள்.

"வேறு உதவித்தொகை வாங்கினால் புதுமைப் பெண் பணம் வராது" என்பதும் சரியல்ல. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் தமிழக அரசுத் திட்டத்தில், மற்ற உதவித்தொகை பெறும் மாணவிகளும் சேரலாம்.