மருந்தடிச்சதோ?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வல்லாரைப் பிடியைக் கையில் எடுத்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மருந்தடிச்சதோ அக்கா?" போன கிழமை நானும் கேட்டேன். "இல்லைப் பிள்ளை, வெறும் கோழியெருதான்" என்றார். நம்பி வாங்கிவிட்டேன். வீடு வரும்வரை அந்தக் கோழியெரு மனதை விட்டுப் போகவில்லை.

பூச்சிமருந்தைப் பற்றி நாங்கள் பேசாத நாளில்லை. கோழி தின்ற மருந்தைப் பற்றி ஆரும் கேட்பதில்லை. பண்ணையில் அன்ரிபயோட்டிக் கொடுத்து வளர்த்த கோழியின் குடலில், அந்த மருந்துக்கு மசியாத பக்டீரியாக்கள் தப்பிப் பெருகும். எரு சரியாக உக்காமல் பாத்திக்கு வந்தால் அவையும் கூடவே வரும். எங்கள் கிணறுகளையும் யோசியுங்கள். காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மலக்குழித் தண்ணீர் அதன் வெடிப்புகளால் இறங்கி நிலத்தடி நீரில் கலப்பது சுலபம். அந்த நீரைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம், அதிலேதான் கீரையும் கழுவுகிறோம்.

வல்லாரை நிலத்தோடு படர்வது. மூன்று தரம் அலசிய பிறகும் சட்டியின் அடியில் மணல் கிடக்கும். உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் சரி என்பார்கள். மண்ணும் புழுவும் போகும். பக்டீரியா முழுக்கப் போகாது, இலையின் நுண்துளைக்குள்ளும் வெட்டிய விளிம்பிலும் ஒட்டிக்கிடக்கும். சாப்பிட்டவுடன் வருத்தம் வரும் என்றில்லை. குடலில் பேசாமல் இருந்து, மருந்தை எதிர்க்கும் தன் மரபணுவைப் பக்கத்துப் பக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

அம்மாவுக்குப் போன வருடம் சலக்கடுப்பு வந்தது. இரண்டு வகைக் குளிசை கேட்கவில்லை, கடைசியில் ஊசிதான். அது கீரையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் குளிசையை விழுங்கிய பிறகு, காய்ச்சல் இறங்குமா என்று இரவு முழுக்க அவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தேன். மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தடிமனுக்கு மருந்துக்கடையில் நாலு கப்சூல் வாங்கிப் போடுகிற பழக்கமும் இதே கதைதான். தடிமன் வைரஸால் வருவது, அதற்கு அன்ரிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. எங்கள் குடலில் மருந்துக்குப் பழகிய பக்டீரியாதான் மலக்குழிக்கும் போகிறது.

கீரையை விடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு இப்போது வல்லாரைச் சம்பல் இல்லை, வறைதான். நெருப்பில் நன்றாக வெந்தால் அந்தப் பக்டீரியா சாகும். கர்ப்பிணிகளுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் அப்படியே கொடுங்கள். தோட்டக்காரரிடம் "எரு எத்தனை மாதம் குவிச்சுக் கிடந்தது?" என்றும் கேளுங்கள். விவசாயப் போதனாசிரியர்கள் பூச்சிமருந்துக்குச் சொல்வதுபோல இதையும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்ல வேண்டும்.