மாப்பிள்ளையின் ப்ராசசருக்குத் தணிக்கைத் தடை

(கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடம். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து 2009இல் ஓய்வு பெற்ற மாமனார், மூலையில் இருக்கும் தம் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு ஊஞ்சலில் வந்து அமர்கிறார். எதிரே மாப்பிள்ளை, நான்காக மடித்த காகிதத்துடன் நிற்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா, எங்கள் சேமிப்பிலிருந்து ஒரு சிறு தொகையை எடுக்க வேண்டும். அப்பா பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் காசோலையில் கையெழுத்திடுவேன் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். என் கணினிக்கு மூளை போன்ற ப்ராசசர் ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமனார்: உட்காருங்கள் மாப்பிள்ளை. "அவ்வளவுதான்" என்று முடிகிற கோரிக்கையைக் கண்டால்தான் என் கை முதலில் சிவப்பு மையைத் தேடும். காகிதத்தைக் கொடுங்கள். ப்ராசசர் 17,000. மதர்போர்டு 12,500. ரேம் 10,000. வண்ண விளக்கு எரியும் விசிறி 2,500. ஆகமொத்தம் 42,000. நீங்கள் சொன்ன பொருள் ஒன்று. சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் எழுதியிருப்பது நான்கு.

மாப்பிள்ளை: அதற்குக் காரணம் இருக்கிறது, மாமா. இப்போது என்னிடம் இருப்பது 2017இல் வெளிவந்த ரைசன் 5 1600. அது, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டில் ஏஎம்4 என்ற சாக்கெட்டில், அதாவது ப்ராசசரைப் பொருத்தும் இடத்தில், உட்கார்ந்திருக்கிறது. நான் வாங்க நினைக்கும் ரைசன் 5 7600 ஏஎம்5 என்ற வேறு சாக்கெட்டில்தான் உட்காரும். அந்தச் சாக்கெட் உள்ள போர்டோ, வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் ரேமில் டிடிஆர்5 வகையைத் தவிர வேறு எதையும் ஏற்காது என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய போர்டையும் டிடிஆர்4 ரேமையும் சேர்த்தே கழற்ற வேண்டியிருக்கிறது.

மாமனார்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த விசிறி?

மாப்பிள்ளை: ப்ராசசர் பெட்டிக்குள்ளேயே ஒரு விசிறி வரும். ஆனால் அதில் விளக்கு எரியாது.

மாமனார்: (பேனாவால் ஒரு கோடு இழுத்து) வீட்டில் போதுமான விளக்குகள் இருக்கின்றன. இனி 39,500. அடுத்து, எந்த வேலை தாமதமாகிறது என்று சொல்லுங்கள். பொதுவாகக் கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. கடன் மனுக்கள் தேங்கும் சங்கத்தில் எல்லோரும் செயலாளரை மாற்றச் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், மனுக்கள் அவருடைய மேசைக்கு வந்து சேராமல் பதிவெழுத்தரின் அலமாரியிலேயே கிடக்கும்.

மாப்பிள்ளை: அலமாரியை நான் முன்பே சரி செய்துவிட்டேன். கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டாயிற்று; ரேமும் 16 ஜிபி இருக்கிறது. இப்போது குறை தெரிவது மூன்று இடங்களில். முதலாவது, ஓய்வு நேரத்தில் நான் ஆடும் விளையாட்டு.

மாமனார்: அந்த நேரத்தில், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று சொல்லும் டாஸ்க் மேனேஜர் என்ன காட்டுகிறது?

மாப்பிள்ளை: (குரலைத் தாழ்த்தி) திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதம், ப்ராசசர் 45.

மாமனார்: காட்சித் தெளிவைக் குறைத்துப் பார்த்தீர்களா?

மாப்பிள்ளை: பார்த்தேன். விளையாட்டின் வேகம் கூடிவிட்டது. ப்ராசசர்தான் தடை என்றால், தெளிவைக் குறைத்தாலும் வேகம் கிட்டத்தட்ட அப்படியே நின்றிருக்கும்.

மாமனார்: ஆக, குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு, ப்ராசசர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இந்தக் காரணத்தை நீங்களே அடித்துவிடுகிறீர்களா, நான் அடிக்கட்டுமா?

மாப்பிள்ளை: நீங்களே அடியுங்கள், மாமா, எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, அலுவலக மதிப்பீடுகளுக்காக எக்ஸலில் நான் ஓட்டும் ஒரு மேக்ரோ, அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல். ஒருமுறை ஓடி முடிய ஆறு நிமிடம் ஆகிறது. அப்போது ப்ராசசர் 9 சதவீதம் காட்டுகிறது.

மாமனார்: ஒன்பதா! மீதி 91 பங்கு சும்மா இருக்கும்போது புதிய ஆளுக்குச் சம்பளம் கேட்கிறீர்களே, இதற்கு நான் தடை எழுதாவிட்டால் என் ஓய்வூதியத்தையே நிறுத்தி விடுவார்கள்.

மாப்பிள்ளை: அங்கேதான் நீங்கள் சறுக்குகிறீர்கள். இந்தப் ப்ராசசருக்கு ஆறு கோர்கள், அதாவது தனித்தனியே உழைக்கும் ஆறு பகுதிகள்; ஒவ்வொன்றும் இரண்டு வேலைத் தொடர்களைக் கவனிப்பதால் பன்னிரண்டு திரெட்கள். மேக்ரோ அவற்றில் ஒன்றில் மட்டுமே ஓடும். பன்னிரண்டு பேரில் ஒருவர் நாக்குத் தள்ள உழைக்க, பதினொருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தால் சராசரி எவ்வளவு வரும்?

மாமனார்: (விரலை மடக்கி) நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் எட்டே மூன்றில் ஒன்று. (ஊஞ்சல் நிற்கிறது.) மாப்பிள்ளை, சராசரி வசூலைக் காட்டிக் காட்டியே ஒரு சங்கம் என்னை மூன்று ஆண்டுகள் ஏமாற்றியது. அதன் பிறகும் நான் இதில் விழுந்திருக்கக் கூடாது.

மாப்பிள்ளை: அத்தகைய வேலைக்கு எட்டுக் கோர், பன்னிரண்டு கோர் என்று எண்ணிக்கையைக் கூட்டினாலும் பயனில்லை. ஒரு கோர் தனியாக எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதே கணக்கு, அதில் புதிய தலைமுறைகள் வெகுதூரம் முன்னேறியிருக்கின்றன. மூன்றாவது, மாதம் இரண்டு முறை நண்பருக்காக நான் தொகுத்துக் கொடுக்கும் வீடியோ. அதை முடிந்த கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது பன்னிரண்டு பேரும் நூறு சதவீதம் உழைக்கிறார்கள். நாற்பது நிமிடம் ஆகிறது. புதியதில் இருபதில் முடியும்.

மாமனார்: மாதம் நாற்பது நிமிடம் மிச்சம், ஆண்டுக்கு எட்டு மணி, ஐந்து ஆண்டுக்கு நாற்பது மணி. ஒரு மணி நேரத்தை நீங்கள் 987 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறீர்கள். இப்போது அந்த நாற்பது நிமிடமும் என்ன செய்கிறீர்கள்?

மாப்பிள்ளை: காபி போட்டுக் குடிப்பேன்.

மாமனார்: மிச்சப்படுத்தும் நேரத்தில்?

மாப்பிள்ளை: (யோசித்து) காபிதான்.

மாமனார்: சரி, ஏஎம்4 சாக்கெட்டிலேயே உட்காரக்கூடிய புதிய ப்ராசசர் எதுவும் இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் முகமே சொல்கிறது.

மாப்பிள்ளை: இருக்கிறது. 2022இல் வந்த ரைசன் 5 5600. அதற்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட்தான். மின்சாரத் தேவையும் அதே 65 வாட் வகுப்பு. ஆனாலும் நாற்பது நிமிட வேலை இருபத்தைந்தில் முடியும். கடையில் 10,000 என்றார்கள்.

மாமனார்: 10,000க்கு முப்பது மணி, மணிக்கு 333 ரூபாய். அதற்கு மேல் நீங்கள் கேட்ட 29,500க்குக் கிடைப்பது, ஒரு வீடியோவுக்கு ஐந்தே நிமிடம். இதை ஏன் காகிதத்தில் எழுதவில்லை?

மாப்பிள்ளை: எழுதினால் அதைத்தான் வாங்கச் சொல்வீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இதற்கு வீடியோவைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு ஏற்ற ப்ராசசர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலிலோ என் 1600 இல்லை, 5600 இருக்கிறது.

மாமனார்: முதல் வரியில் வந்திருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறீர்கள். பழைய போர்டு புதியவரை அடையாளம் கண்டுகொள்ளுமா?

மாப்பிள்ளை: போர்டை எழுப்பி இயக்கும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதுப்பித்தால் கண்டுகொள்ளும். என் போர்டுக்குரிய கோப்பைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால், மறுபடியும் அதையே மாட்டித்தான் தொடங்க வேண்டும்.

மாமனார்: பொறுப்பை ஒப்படைக்காமல் பழைய செயலாளரை அனுப்பக் கூடாது; புரிகிறது. புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் போர்டும் போய்விடக்கூடும் அல்லவா? யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். (எழுதுகிறார்) 10,000 ரூபாய்க்கு ஒப்புதல். கழற்றிய பழைய ப்ராசசரை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, எனக்கு அனுப்பிவிடுங்கள்.

மாப்பிள்ளை: உங்களுக்கா?

மாமனார்: என் கணினியில் இருப்பது கோர் 2 டியோ. ஓய்வு பெற்ற ஆண்டில் வாங்கியது. நீங்கள் வந்ததும் பொத்தானை அழுத்தினேன்; இன்னும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மாப்பிள்ளை: 1600 உங்கள் போர்டில் உட்காராது, மாமா. நீங்கள் படிப்பது செய்தித்தாள், பார்ப்பது வங்கிக் கணக்கு. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டும். உங்களுக்கு ஒரு எஸ்எஸ்டி போதும்.

மாமனார்: உங்களுக்குப் ப்ராசசர், எனக்கு மட்டும் எஸ்எஸ்டியா?

மாப்பிள்ளை: நீங்கள் சொன்ன அதே கணக்குத்தான்.

மாமனார்: (குரலைத் தாழ்த்தி) உங்கள் 1600 உட்காரும்படி ஒரு போர்டு, அதற்கேற்ற ரேம், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று அந்தக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டாம். அப்படியே அந்த விளக்கு விசிறியின் விலையையும் தனியாக ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்.